ராக்கோழியின் பாராட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய சட்டை அளவாக இருக்கிறது. நான் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று மாமாவிடம் சொல்.

கணினி நிரலில் பிழை தேடும் எங்கள் கருவிக்கு விளம்பரம் கொடுக்க வழியில்லை என்பது உனக்குத் தெரியும். அதனால் புரோகிராமர்கள் புழங்கும் இணைய மன்றங்களில் யார் எதைக் கேட்டாலும் வலியப் போய்ப் பதில் எழுதினேன். அவர்களுடைய கூட்டங்களில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் கருவியை இயக்கிக் காட்டினேன். எங்களைப் பாராட்டி எழுதியது 'ராக்கோழி' என்ற புனைபெயரில் ஒருவர் மட்டும்தான். "கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடியும் கிடைக்காத பிழையை இது பிடித்துக் கொடுத்தது" என்று எழுதியிருந்தார். என் கூட்டாளி தொழிலைவிட்டு விலகிக்கொள்கிறேன் என்று சொன்னபோதெல்லாம் அதைத்தான் அவனுக்கு வாசித்துக் காட்டினேன்.

அவரை நேரில் பார்த்துப் பேசினால் இன்னும் நாலு பேரிடம் சொல்லுவார் என்று, நேற்று கூட்டாளி எங்கள் கருவியில் அவர் தொடங்கியிருந்த கணக்கைத் திறந்து முகவரியைத் தேடினான்.

"டேய், இது உங்க அக்காவோட மெயில்தானே? அவங்க கருவிய ஒரு தடவகூட ஓட்டிப் பாக்கலையேடா."

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை. தன் கணினியைப் பையில் போட்டுக்கொண்டு, அலுவலகச் சாவியை என் மேசைமேல் வைத்தான். "உடம்பப் பாத்துக்கடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

உன்மேல் எனக்குக் கோபமில்லை, அக்கா. ஆனால் இனிமேல் அப்படிப் பாராட்டி எழுதாதே. இன்று காலை முன்பின் தெரியாத யாரோ ஒருவர், கருவி நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருக்கிறார். நான் பதில் போடவில்லை. அதுவும் நீயாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

உன் தம்பி