நெல் மூட்டைக்கு வைக்கிற மாத்திரை

திருப்பதி,
8.7.2024, திங்கள்

அன்புள்ள நைனாவுக்கு,

ரூபா எழுதுவது. இங்கே நலம் என்று எழுத ஆசைதான், பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீயும் அம்மாவும் காஞ்சனா அக்காவும் அவள் பாப்பாவும் நலமாக இருந்தால் போதும்.

கிரானைட் பாக்டரியில் உன் காது போனதிலிருந்து உன்னோடு போனில் பேச வழியில்லை. அம்மாவிடம் சொன்னால் அழுதுவிடுவாள். அதனால்தான் இங்கே மண்டிக்கு மாங்காய் வண்டி ஓட்டிவரும் அருள்குமார் அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். என்னோடு அறையில் இருக்கும் கல்பனாவுக்கும் பத்மாவதிக்கும் தமிழ் பேச வரும், படிக்க வராது. அது ஒரு நிம்மதி.

அறை முழுக்க மூட்டைப்பூச்சி, நைனா. கட்டில் இடுக்கில், தலையணைத் தையலில், என் துணிப் பெட்டியின் ஜிப் ஓரத்தில்கூட. கை கழுத்தெல்லாம் தடிப்பு. லேபில் ரத்தம் எடுக்கப் போனால் நோயாளிகள் என் கையைத்தான் பார்க்கிறார்கள்.

வெள்ளிக்கிழமையோடு இங்கே வேலை முடிகிறது. அன்று சாயங்காலமே ஊருக்கு வந்துவிடுவேன், திங்கட்கிழமை சித்தூர் லேபில் சேர வேண்டும். ஆனால் இந்தப் பெட்டியோடு எப்படி வருவது? பாப்பா பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது. பூச்சி அதன் தூளிக்குள் போய்விட்டால்?

மருந்தடிக்கிறவரைக் கூப்பிடலாம், ஒருநாள் அறையைக் காலி செய்தால் போதும் என்றேன். கல்பனா ஒரே பிடியாக நிற்கிறாள். "நீ போய்க்கினே இருப்ப. ஓனர் ரங்கையாவுக்குத் தெரிஞ்சா எங்களத்தான் தொரத்துவாரு. உன் பெட்டியிலதான் வந்துச்சு, நீயே எடுத்துக்கினு போ" என்கிறாள். பத்மாவதி எந்தப் பக்கமும் பேசுவதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. ஏதாவது வழி சொல்லு.

உன் அன்பு மகள்,
ரூபா

•

கங்காதர நெல்லூர்,
9.7.2024

செல்ல மகள் ரூபாவுக்கு நைனாவின் ஆசிகள்.

கடிதம் கிடைத்தது. கரும்புத் தோட்டத்தில் கட்டுவிரியனைக் கழியால் தள்ளிவிட்டு வந்தவள் நீ. இந்த நகத்தளவு பூச்சிக்கா இவ்வளவு பயம்? அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. பாப்பா நன்றாகப் பால் குடிக்கிறது, உன்னைப் போலவே காரணம் இல்லாமல் அழுகிறது.

நாம் நெல் மூட்டைக்கு நடுவில் வைப்போமே, அந்த மாத்திரையை ஒரு டப்பாவில் போட்டு அனுப்பியிருக்கிறேன். போன வருஷம் ஒரு வண்டு கூட வரவில்லை, நீயே பார்த்தாய். நெல்லில் வண்டு சாகும்போது கட்டிலில் மூட்டைப்பூச்சி சாகாதா? பெட்டி, துணி எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து, ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போ. சாயங்காலம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறு. அந்தப் பெண்களோடு சண்டை வேண்டாம்.

சரியாகச் சாப்பிடு.

இப்படிக்கு,
நைனா செங்கல்வராயன்

•

திருப்பதி,
11.7.2024, வியாழன்

அன்புள்ள நைனாவுக்கு,

டப்பா வந்தது. அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

கல்பனாவிடம் கடைசியாக ஒரு தடவை கேட்டேன். நாளைக்கு ஒரு பகல் மட்டும் அறையில் யாரும் இருக்கக் கூடாது, நான் மருந்து வைக்கிறேன் என்றேன். "மருந்து கிருந்துன்னு இன்னா வெச்சாலும் தூக்கிக் குப்பையில போடுவேன்" என்றாள். அவள் ஜவுளிக்கடை வேலை முடிந்து ஏழு மணிக்குத்தான் வருவாள். பத்மாவதி கோச்சிங் போனால் எட்டு மணி.

அதனால் சொல்லாமல் செய்யப்போகிறேன். காலை ஒன்பது மணிக்கு அவர்கள் கிளம்பியதும் வைத்துப் பூட்டிவிடுவேன். ஐந்து மணிக்கு வந்து, ஜன்னலைத் திறந்துவிட்டு, பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். அவர்களுக்கும் நல்லதுதானே? இருந்தும் திருடப் போகிறவள் போல இருக்கிறது. அவளுக்குத் தெரிந்தால் ரகளை பண்ணுவாள்.

நாளை இரவு உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவேன்.

ரூபா

•

சித்தூர் பஸ் ஸ்டாண்டு,
12.7.2024, காலை 10.20

கண்ணு ரூபா,

அந்த டப்பாவைத் திறக்காதே. திறந்திருந்தால் அறைக்குள் போகாதே. யாரையும் போக விடாதே.

உனக்கு அனுப்பியதற்குப் பதிலாக உரக்கடை சலீம் பாயிடம் நெல்லுக்கு மாத்திரை வாங்கப் போனேன். எதற்கு என்று சைகையில் கேட்டார், உனக்கு அனுப்பியதைச் சொன்னேன். மனுஷன் எழுந்து நின்றுவிட்டார். எனக்குக் காது கேட்காது என்பதால் பில் காகிதத்தில் எழுதிக் காட்டினார். அது பூச்சியை மட்டும் கொல்லாதாம். விஷக் காற்றாகி அறை முழுக்க நிற்குமாம். ஆள் தூங்குகிற வீட்டில் வைத்து இரண்டு பிள்ளைகள் செத்துப்போய்விட்டார்களாம். நாம் நெல்லை வெளிக் கொட்டகையில் வைப்பதால் தப்பித்தோம். எனக்கு இது தெரியாதடி. சத்தியமாகத் தெரியாது.

சலீம் பாய் உனக்கு ஒன்பது தடவை போன் போட்டார், நீ எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்று நீ சொன்னது அப்புறம்தான் ஞாபகம் வந்தது. லேப் பெயரும் ரங்கையா நம்பரும் எனக்குத் தெரியாது. அருள்குமார் வண்டி முன்னால் கிளம்புகிறது, இதை அவனிடம் கொடுத்து உன்னைத் தேடச் சொல்லியிருக்கிறேன். நான் பின்னாலேயே பஸ்ஸில் வருகிறேன். உன் அறை எனக்குத் தெரியும், அட்வான்ஸ் கொடுக்க வந்திருக்கிறேனே.

இதோ வண்டி கிளம்புகிறது.

நைனா

•

திருப்பதி, ஆஸ்பத்திரி,
13.7.2024, சனி

நைனா,

நான் வார்டுக்கு வெளியே பெஞ்சில்தான் இருக்கிறேன். உன் மூக்கில் ஆக்சிஜன் மாட்டியிருப்பதால் உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். விட்டாலும் நான் பேசுவது உனக்குக் கேட்காது. நர்ஸ் அக்கா இந்தத் தாளைக் கொடுப்பதாகச் சொன்னார்கள்.

உன் கடிதம் நாலரை மணிக்குத்தான் என் கைக்கு வந்தது. அருள்குமார் அண்ணன் ஆறு லேப் ஏறி இறங்கியிருக்கிறார். நான் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

ரங்கையா சொல்லித்தான் தெரியும். கல்பனாவுக்கு வயிற்று வலி, கடையிலிருந்து பாதியில் வந்து தன் சாவியால் திறந்து படுத்துவிட்டாள். நீ வந்து கதவைத் தட்டினாயாம். உள்ளே அவள் முனகியது உனக்கு எங்கே கேட்டிருக்கும்? வாசலில் பெண்பிள்ளை செருப்பைப் பார்த்துவிட்டு, நான்தான் உள்ளே கிடக்கிறேன் என்று நினைத்து, "ரூபா, ரூபா" என்று தெருவே அதிரக் கத்தினாயாம். கதவை உடைத்து அவளை இழுத்துக்கொண்டு வந்தாயாம். முகத்தைப் பார்த்த பிறகும் விடவில்லையாம்.

அவளுக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு பேருக்கும் இதயத் துடிப்பை இரண்டு நாள் பார்க்க வேண்டும் என்கிறார் டாக்டர். கெட்டுப்போன சாப்பாடு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். விஷக் காற்று என்று டாக்டருக்குச் சந்தேகம், போலீஸ் வருவார்களாம். நான் இன்னும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. பயமாக இருக்கிறது, நைனா. நீ எழுந்து வா.

ரூபா

•

(அதே தாளின் பின்பக்கம்)

ரூபா,

அழாதே. எனக்கு ஒன்றுமில்லை, மார்பு கொஞ்சம் எரிகிறது, அவ்வளவுதான். அந்தப் பெண் பிழைத்தாளே, அது போதும்.

போலீஸ் கேட்டால் உனக்கு எதுவும் தெரியாது. மாத்திரை கொண்டுவந்தவன் நான், வைத்தவனும் நான். அப்படித்தான் சொல்லப்போகிறேன். செவிட்டுக் கிழவனைக் கேள்வி கேட்டு அவர்களே அலுத்துப்போவார்கள். நீ இப்போதே பஸ் ஏறு. திங்கட்கிழமை வேலையில் சேரு. நம் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நீ, உன் பெயர் கெடக் கூடாது.

நைனா

•

14.7.2024, ஞாயிறு காலை

அன்புள்ள நைனாவுக்கு,

நீ தூங்குவதாக நர்ஸ் அக்கா சொன்னார்கள். எழுந்ததும் இதைப் படி.

ராத்திரி முழுக்க பஸ்ஸுக்குக் காசை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். விடிந்ததும் பெண்கள் வார்டுக்குப் போனேன். கல்பனா உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "உங்க நைனா எப்பிடி கீறாரு?" என்றுதான் முதலில் கேட்டாள். நைனா, திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, ஒன்பது மணி, பூட்டு, எல்லாம். நான்தான் வைத்தேன் என்றேன். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "வாசக் கதவுல தெலுங்குல ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருந்தாக்கூட உள்ள போயிருக்க மாட்டேனே" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சீட்டு ஒட்டினால் சண்டை வரும் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

இப்போது ரங்கையாவோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். சித்தூர் வேலை கிடைக்காமல் போகலாம். ஆனாலும் போகிறேன். அம்மா பதினோரு மணி பஸ்ஸில் வருகிறாள், உன் பக்கத்தில் இருப்பாள். போலீஸ்காரர் உன்னைக் கேட்டால் நடந்ததை மட்டும் சொல்லு.

சின்ன வயதிலிருந்து நீ சொன்னதை ஏன் என்று கேட்காமல் செய்து பழகிவிட்டேன். இந்த ஒன்றைச் செய்யமாட்டேன், நைனா.

உன் மகள்,
ரூபா