வலது காலின் கறுப்பு வெள்ளைக் கயிறு

நாரின் மாவட்டம்,
அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறு

அன்புள்ள குமுஷாய் அக்காவுக்கு,

உன் தங்கை புருல் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். பசு சுகம். அப்பாவின் முழங்கால் மட்டும் பனி விழும் நாட்களில் முனகுகிறது. மாஸ்கோவில் உன் அறைக்குக் கணப்பு வந்துவிட்டதா?

இந்தக் கடிதம் நீளமாக இருக்கும். ஜானில் அக்கா நாளை மாஸ்கோவுக்குக் கிளம்புகிறார். அவர் பையில் உலர்தயிர் உருண்டைகளுக்கும் உன் கம்பளிக் காலுறைகளுக்கும் நடுவில் இதை வைத்துவிடுவேன். என் பிள்ளை எல்தியாரின் வீடியோ அனுப்பாதே, பார்த்தால் அன்று முழுக்கத் தையல் கோணிப்போகிறது என்று போன முறை சொன்னாய். கடிதம் எழுதக்கூடாது என்று நீ சொல்லவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் என் செய்தி. பள்ளியில் நாட்டார் வழக்காற்றுக் குழு தொடங்கியிருக்கிறார்கள். ரகத் டீச்சர்தான் பொறுப்பு. ஆளுக்கு ஒரு சடங்கை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்டு எழுத வேண்டும். மிர்லானுக்குக் கல்யாணச் சடங்கு கிடைத்தது, பெண்களிடம் பேச வெட்கப்பட்டுக்கொண்டு திரிகிறான். எனக்குக் கிடைத்தது கால்கயிறு அறுக்கும் சடங்கு. எனக்கு இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. உனக்குத் தெரிந்த சடங்குதான், ஆனாலும் தெரியாதவருக்கு எழுதுவதுபோல் எழுத வேண்டும் என்பது டீச்சரின் விதி. ஆகையால்: குழந்தை முதல் அடி வைத்ததும் அதன் இரு கணுக்கால்களையும் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் பிணைப்பார்கள். ஊர்ப் பிள்ளைகள் பந்தயம் ஓடுவார்கள். முதலில் வருபவர் கயிற்றை அறுப்பார். அறுத்தவரின் குணம் குழந்தைக்கு ஒட்டும்.

நான் வீடு வீடாகப் போய் ஒரே கேள்விதான் கேட்டேன்: உங்கள் கயிற்றை அறுத்தது யார்? அக்கா, இந்த ஒரு கேள்விக்கு மனிதர்கள் எப்படி மாறிவிடுகிறார்கள் தெரியுமா! தபால்காரம்மா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றவர், கேள்வியைக் கேட்டதும் உள்ளே இழுத்து உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். அவருடையதை அறுத்தது ஒரு மல்யுத்தக்காரராம். "அதான் இந்தக் கை. தொட்டுப் பாரு, சும்மா தொட்டுப் பாரு" என்று புஜத்தை நீட்டினார். தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரி இருக்கிறது.

வண்டிக்குள்ளேயே தூங்கும் தொக்தோசுன் மாமா இருக்கிறாரே, அவர் கயிற்றை அறுத்தவர் யார் என்று மட்டும் யாருக்கும் நினைவில்லை. கேட்ட ஒவ்வொருவரும் இன்னொருவர் வீட்டைக் கை காட்டினார்கள். கடைசியில் அவரையே எழுப்பிக் கேட்டேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து, "உங்கப்பன்தான். போய்க் கேளு" என்றார். அப்பாவிடம் கேட்டேன். குதிரைக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். பின்னாலேயே போனேன். "கயிறெல்லாம் நல்லாத்தான் அறுத்தேன். அவன் எந்திரிக்கலைன்னா நான் என்ன பண்றது?" என்று குதிரையிடம் சொன்னார்.

அடுத்த செய்திதான் பெரியது. உட்கார்ந்துகொண்டு படி.

எல்தியார் நடந்துவிட்டான். பத்து மாதம்தான் ஆகிறது என்பது எங்களுக்கும் தெரியும். அடுப்பங்கரைச் சுவரைப் பிடித்து நின்றவன், சுவரை விட்டுவிட்டு, தேநீர்க் கெண்டியை நோக்கிப் போனான். அப்பா உடனே, "அது நடை இல்ல. கொஞ்சம் நீளமா விழுந்தான், அவ்வளவுதான்" என்றார். அம்மா, "விழுறவன் அந்தச் சுவத்துலேர்ந்து இந்தக் கெண்டி வரைக்குமா விழுவான்?" என்றாள். மறுநாள் அவன் கதவு வரை போனான். அதற்கு மறுநாள் கோழியைத் துரத்தினான்.

அப்பா ஏன் அப்படிச் சொன்னார் என்று உனக்குப் புரியும். நான் வரும்வரை கயிறு அறுக்கக்கூடாது என்று கோடையில் நீ தொலைபேசியில் சொன்னபோது, சரி என்று வாக்குக் கொடுத்தது அவர்தான். உருளைக்கிழங்கு தோண்டும்போது வந்துவிடுவேன் என்றாய். கிழங்கு தோண்டி, மூட்டை கட்டி, குழியில் இறக்கியாகிவிட்டது. இதைக் குறையாக எழுதவில்லை அக்கா, பருவத்தைக் குறிப்பது கள ஆய்வின் முறை.

அம்மா பிடிவாதமாக இருந்தாள். கயிறு அறுக்காமல் ஓடவிட்டால் காலமெல்லாம் தடுக்கி விழுவான் என்றாள். "அவ வருவா வருவான்னு இவன் கால் காத்துக்கிட்டு இருக்குமா?" என்றாள். அப்பா, "நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார். இரண்டு நாள் ஒருவரோடொருவர் என் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். உப்பு எங்கே என்பதைக்கூட நான்தான் கொண்டுபோய்ச் சொன்னேன். மூன்றாம் நாள் அம்மா கயிறு முறுக்க உட்கார்ந்துவிட்டாள். நம் கறுப்பு ஆட்டின் மயிரும் வெள்ளை ஆட்டின் மயிரும். முறுக்கிக்கொண்டே அழுதாள். வெங்காயம் எதுவும் அருகில் இல்லை.

சடங்கு சனிக்கிழமை நடந்தது. கம்பளம் நம் வாசலில். ஓட்டம் பாலத்திலிருந்து. தபால்காரம்மா வந்தார், மிர்லான் வீட்டார் வந்தார்கள், தொக்தோசுன் மாமாகூட எழுந்து வந்தார். ரகத் டீச்சர் வந்து குதிகால் செருப்பைச் சேற்றில் விட்டார். எல்தியாரின் அப்பா வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. யார் யார் வந்தார்கள் என்று எழுத வேண்டியிருந்ததால் வாசலைக் கடைசிவரை பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முந்தின நாள் பள்ளியிலிருந்து கிளம்பும் முன் டீச்சர் என் தோளைப் பிடித்து, "பார்க்க மட்டும்தான் போற. எதுலயும் கை வைக்கக்கூடாது. வாயும் வைக்கக்கூடாது" என்று சொல்லியிருந்தார். நானும் சரி என்றேன்.

ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும்! மிர்லான்தான் ஜெயிப்பான் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். பாதி வழிவரை அவன்தான் முதல். பின்னால் வருகிறவர்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான் பார், அங்கேதான் கெட்டது. அவன் தங்கை அய்ஸிரெக், அண்ணனின் பழைய ரப்பர் பூட்ஸில் ஓடி வந்தவள், சேற்றில் பூட்ஸ் மாட்டியதும் அவற்றை அங்கேயே நிற்கவிட்டு வெறும் காலுறையோடு பறந்து வந்து கம்பளத்தில் விழுந்தாள். மிர்லான் மூச்சிரைக்க, "பூட்ஸ் இல்லாம ஓடினா செல்லாது" என்றான். அவள், "நீயும் கழட்டிட்டு ஓடியிருக்கலாமே, யார் வேணாம்னா?" என்றாள். அப்பா எல்தியாரைப் பார்த்து, "போச்சுடா பயலே, உனக்கும் இந்த வாய்தான் வரப்போகுது" என்றார்.

கத்தி அய்ஸிரெக்கின் கைக்குப் போனது. இரு கால்களுக்கும் நடுவில் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். எல்தியாரும் தட்டினான். அடுத்து கணுக்கால்களில் மிஞ்சிய வளையங்களை எடுக்க வேண்டும். இடது கால் வளையம் போயிற்று. அவள் வலது காலைப் பிடித்தாள்.

அப்போது நான், "நிறுத்து" என்றேன்.

அக்கா, அவ்வளவு சத்தமாகச் சொல்வேன் என்று எனக்கே தெரியாது. கோழிகள்கூட நின்றுவிட்டன. காரணம் இதுதான்: வேன் பழுதுபார்க்கும் தாலாய் அண்ணனிடம் அதற்கு முந்தின வாரம் கேள்வி கேட்டபோது அவர் ஒன்று சொல்லியிருந்தார். அவர் குழந்தையாக முதல் அடி வைத்தபோது அவர் அப்பா குளிர்கால மேய்ச்சலுக்குத் தொலைவில் போயிருந்தாராம். நடுக்கயிற்றை அறுத்துவிட்டு, ஒரு கால் வளையத்தை மட்டும் அப்பா வந்து எடுப்பதற்காக விட்டுவைத்தார்களாம். வேறு எந்த வீட்டிலும் நான் இதைக் கேட்கவில்லை. இதை எல்லோர் முன்னாலும் சொன்னேன். சொன்னவர் பெயரோடு முழுதாகச் சொன்னேன்.

அம்மா, "அரைகுறையா விடுறதாவது? கால் விளங்குமா?" என்றாள். வாய் நிறையப் பொரித்த போர்சோக் ரொட்டி வைத்திருந்த தாலாய் அண்ணன் கால்சட்டையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு கம்பளத்தின் நடுவில் வந்து நின்றார். "இந்தக் கால்தான் பெரியம்மா. நல்லாப் பாருங்க. நொண்டுறேனா?" என்று ஒரு சுற்றுச் சுற்றி ஆடியே காட்டினார். தபால்காரம்மா, "கால் நல்லாத்தான் இருக்கு, கழுவத்தான் இல்ல" என்றார். அப்பா எழுந்து நின்று, "ஆராய்ச்சியே சொல்லுது. அப்புறம் என்ன?" என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிந்து நான் பல மாதங்களாகப் பார்க்கவில்லை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அவள் அய்ஸிரெக்கின் கையிலிருந்து கத்தியை வாங்கினாள். குனிந்து எல்தியாரின் வலது கால் வளையத்துக்குள் தன் விரலை விட்டுப் பார்த்தாள். "இருக்கட்டும்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "ஆனா இறுகுச்சுன்னா நானே அறுத்துருவேன். அதையும் எழுதிக்க" என்றாள். எழுதிக்கொண்டேன்.

அவனைத் தரையில் விட்டார்கள். ஓடினான் அக்கா! நடக்கவே இல்லை, நேராக ஓட்டம்தான். அந்த வளையம் கணுக்காலில் குதித்துக்கொண்டே போயிற்று.

எல்லோரும் போன பிறகு ரகத் டீச்சர் செருப்பைக் கழுவிக்கொண்டே, "பார்க்கப் போனவ பார்த்ததையே மாத்திட்டு வந்துட்ட" என்றார். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள், "நடந்தது நடந்தபடியே எழுது. தாலாய் பேருக்குக் கீழ உன் பேரையும் போடு" என்றார். போட்டிருக்கிறேன்.

எல்தியார் சொல்லும் சொற்களையும் குறித்து வருகிறேன். கெண்டி, கோழி, வேண்டாம். இன்னொரு சொல்லும் வந்துவிட்டது. அதை அவன் யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்பதை மட்டும் கடிதத்தில் எழுத மாட்டேன். சொல்லும்போதெல்லாம் நான் அவனைத் திருத்துகிறேன், உன் படத்தைக் காட்டுகிறேன். படத்தைப் பார்த்துவிட்டு மறுபடி என் கழுத்தைக் கட்டிக்கொள்கிறான்.

உன் ஊசியில் நூல் சிக்காமல் ஓடட்டும். வழியில் பனி தடுக்காமல் இருக்கட்டும். எந்த வழி என்று நான் எழுதவில்லை, உனக்கே தெரியும்.

சடங்கு முடிந்து பதினைந்து நாள் ஆகிறது. தினமும் காலையில் அவன் எழுந்ததும் வளையத்துக்குள் விரலை விட்டுப் பார்க்கிறேன். முதல் நாள் என் சுட்டுவிரல் சுலபமாக நுழைந்தது. இன்று சுண்டுவிரல்தான் நுழைகிறது. அம்மா கத்தியை இன்னும் ஆணியிலிருந்து எடுக்கவில்லை. பாலும் வெண்ணெயும் நிறையவே சாப்பிடுகிறான் அக்கா. குறைத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

என்றும் உன் தங்கை,
புருல்