அண்ணன் எடுத்து வைத்த கேம்ஷாப்ட்

என் பிரியத்துக்குரிய பிடிவாதக்கார அண்ணனுக்கு,

கடைசியாக வந்தேன். பதினொரு காரில் பதினொன்றாவது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால்தான் மற்றதை எழுத முடியும். சிரித்துக்கொள்.

ஓடியது நம் கார்தான். அப்பாவின் நெல் கொட்டகையில் நீயும் நானும் கழற்றிக் கழற்றிப் பூட்டிய அதே பழைய கார். சீர்காழிப் பக்கத்துத் தரிசில் நடக்கும் மண் பந்தயத்துக்கென்றே கட்டியது. பிஸ்டன் வரைக்கும் ஒத்துப்போனோம். கேம்ஷாப்டில்தான் முட்டிக்கொண்டோம். வால்வு எவ்வளவு திறக்க வேண்டும், எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்று முடிவுசெய்யும் ஒரு தண்டு. அதற்காக இருபது நாள் பேசாமல் இருந்தோமே, நமக்கெல்லாம் புத்தி இருந்ததா?

நீ எடுத்தது சாதுவானது. குறைந்த வேகத்தில் இழுவை தரும். நான் கேட்டது உச்ச வேகத்தில் சீறுவது. பகலெல்லாம் அறுவடை மெஷின் ரிப்பேர் பார்த்துப் பார்த்து உனக்கு இழுவைதான் பெரிதாகத் தெரிகிறது என்று நினைத்தேன்.

"இது காரா, கதிரறுக்கற மெஷினா? நாத்தங்கால்லயா ஓட்டப் போறோம்?" என்றேன்.

"சரி, ஒன் இஷ்டம்" என்று ஸ்பானரை வைத்துவிட்டுப் போய்விட்டாய். இருபதாம் நாள் உன் இதயம் நின்றுவிட்டது.

அதனால்தான் ஜெயிக்க வேண்டியிருந்தது, அண்ணே. தோற்றால் நம் கடைசிச் சண்டை வெறும் வீம்பு என்றாகிவிடும். நான் கேட்ட கேம்ஷாப்டைத்தான் போட்டேன். நேர்த்தடத்தில் எஞ்சின் அப்படிக் கத்தியது. திருப்பம் வந்து வேகம் குறைந்ததும் சோர்ந்துவிட்டது. மறுபடி மூச்சுப் பிடித்துக் கத்தத் தொடங்குவதற்குள் அடுத்த திருப்பம். ஆத்திரத்தில் ஸ்டீயரிங்கையே குத்தினேன்.

மறுநாள் நாகூருக்குப் போனேன், நம் இரண்டு கேம்ஷாப்டையும் கடைந்து கொடுத்த பாயிடம். அவரைத் திட்டத்தான் போனேன்.

"ஒங்க அண்ணன் அந்தத் தரிச நடந்தே அளந்துட்டு வந்துதாம்மா ஆர்டர் குடுத்தாரு. எங்கயும் எம்பது தப்படிக்கு மேல நேர்த்தடம் இல்ல, சீறுறது வேணாம்னாரு. ஒங்ககிட்ட சொல்லலியா?"

சொல்லவில்லை. எண்பது தப்படி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்குத் தாங்கவில்லை. உன் மேல் அத்தனை கோபம். பஸ்ஸில் திரும்பும்போதுதான், ஏன் என்று நானும் கேட்கவே இல்லையே என்பது உறைத்தது.

எஞ்சினை மறுபடி இறக்கிவிட்டேன். துணியில் சுற்றி நீ வைத்த கேம்ஷாப்ட் வெளியே வந்தாயிற்று. அடுத்த பந்தயத்துக்கு அதுதான். தரிசை நானும் ஒரு முறை நடந்து பார்ப்பேன். இது சத்தியம்.

கார்புரேட்டர் மட்டும் என் இஷ்டம். ஏன் அதை எடுத்தேன் என்று நீயாக வந்து கேட்கும்வரை சொல்ல மாட்டேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உன் தங்கச்சி