என் பதினொரு பதில்களை நீக்கி, ஓர் ஒட்டுச்சீட்டு தரக் கோருதல்

அனுப்புநர்
பத்தாம் வகுப்பு மாணவன்
(தங்கள் பதிவேட்டின்படி: கப்பல் கேப்டன், ஓய்வுபெற்ற நீதிபதி, சர்க்கஸ்காரர் மற்றும் எண்மர்)

பெறுநர்
தலைமை அதிகாரி,
உணவுப் பாதுகாப்பு ஆணையம்

பொருள்: சமூக அறிவியல் ஆலோசனைக் குழுவின் பரிந்துரையை ஏற்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. உணவுப் பொட்டலத்தில் உள்ள எச்சரிக்கையை மக்கள் படிக்கிறார்களா என்று இணையத்தில் கேட்டிருந்தீர்கள். நான் பதினொரு பேராகப் பதிலளித்தேன். ஒவ்வொரு வாய்க்கும் முன் படிப்பதாகப் பதினொருவரும் சாதித்தார்கள். அத்தனை பேருக்கும் எங்கள் வீட்டு முகவரியையே கொடுத்தது என் அறிவுக்கூர்மை.

2. ஆணையத்துக்கும் கம்பெனிகளுக்கும் கட்டுப்படாத பேராசிரியர்கள் தங்களுக்கு ஆலோசனை சொல்கிறார்கள் என்பது, அவர்களில் இருவர் எங்கள் கதவைத் தட்டியபோதுதான் தெரிந்தது. "கேப்டன் இருக்காராம்மா?" என்று அவர்களில் ஒருவரான அம்மையார் சிரிக்காமல் கேட்டார். "கேப்டனா? இவன் ஒரு பக்கெட் தண்ணியவே சிந்தாம தூக்க மாட்டானே!" என்று அம்மா என்னைக் காட்டிக்கொடுத்தார். அவர்கள் திட்டவில்லை. ஏன் எல்லாருக்கும் 'ஆமாம்' போட்டாய் என்று மட்டும் கேட்டார்கள். அதுதானே நல்ல பிள்ளை சொல்லும் பதில் என்றேன். உடனே குறித்துக்கொண்டார்கள். என் குறும்பை மதித்துக் குறிப்பெடுத்த முதல் பெரியவர்கள் அவர்கள்தான்.

3. பிறகு அடுப்படியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரம் எதுவும் கேட்காமல் பார்த்தார்கள். என் தங்கைக்கு நிலக்கடலை ஆகாது. ஒரு துணுக்கு போனாலும் மூச்சுத் திணறும். அம்மா கடையிலேயே எச்சரிக்கையைப் படித்துத்தான் வாங்குவார். வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் டப்பாவுக்குப் போகும், கவர் குப்பைக்குப் போகும். அன்று அப்பாவுக்கான கடலை பிஸ்கட் இருந்த டப்பாவில் தங்கை கைவிட்டாள். பார்க்க வந்தவர்கள் குறுக்கிடக் கூடாதாம். ஆனாலும் அந்த அம்மையார் பேனா பறக்க எழுந்து டப்பாவைப் பிடுங்கினார். அழுத அம்மாவிடம், "உங்க தப்பில்லம்மா. எச்சரிக்கை கவர்ல இருக்கு, பிஸ்கட்டு டப்பால இருக்கு" என்றார்.

4. எச்சரிக்கையைக் கவரிலிருந்து உரித்து டப்பாவில் ஒட்டும் சீட்டாகத் தரவேண்டும் என்று அந்தப் பேராசிரியர்களின் குழு பரிந்துரைத்தது. என் பதினொன்றையும் தள்ளிவிடச் சொன்னது. தங்கள் அறிவிப்போ, பதிலளித்த நாற்பது பேரில் இருபத்தாறு பேர் படிப்பதால் சீட்டு தேவையில்லை என்கிறது. ஐயா, அந்த இருபத்தாறில் பதினொருவர் நான்.

ஆகவே கேப்டன் உள்ளிட்ட அனைவரையும் நீக்கி, எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து பார்த்தவர்களின் சொல்லை ஏற்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அதுவரை டப்பாவில் நானே சீட்டு எழுதி ஒட்டுகிறேன். ஈரக்கை பட்டால் கழன்று விழுகிறது.

இடம்: அதே முகவரி
நாள்: தங்கள் அறிவிப்பு வெளியான மறுநாள்

இப்படிக்கு,
இம்முறை ஒரே ஒருவன்
(கையொப்பம்)