என் மகனுக்கு ஆகாதவை

மார்ச் 3
பையன் பிறந்து ஐந்தாம் நாள். ஆஸ்பத்திரியில் ஓர் அட்டை கொடுத்தார்கள்: ஜி6பிடி குறைபாடு. சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி அவனுக்குப் போதவில்லை. ஆகாத பொருள் சேர்ந்தால் அணுக்கள் உடைந்துபோகும். "அம்மா வழியா வர்றது," என்றார் டாக்டர். மூக்கு என் கணவர் செல்வாவுடையது, காதும் அவருடையது. நான் கொடுத்தது இதைத்தானா?

மார்ச் 6
ஆகாதவற்றைப் பட்டியலாக எழுதி பிரிட்ஜில் ஒட்டினேன். குளியலறையில் தொங்கிய பாச்சை உருண்டைகள் குப்பைக்குப் போயின. செல்வாவின் அக்கா பிரேமலா அண்ணி மிக்ஸர் வாங்கி வந்தார். அதில் காச்சாங் பாராங், பட்டியலில் இருக்கும் அந்தப் பெரிய அவரைப் பருப்பு! வாசலிலேயே மறித்தேன்.

"அலமாக், பல்லே இல்லாத புள்ள எப்படித் திங்கும்?"

"தாய்ப்பால்ல போகும் அண்ணி! அட்டையில போட்டிருக்கு, படிங்க."

"சிங்கப்பூர் கஸ்டம்ஸ்லகூட இப்படிக் கேக்க மாட்டாங்க லா."

மார்ச் 12
இன்று யாரையும் திட்டவில்லை. யாரும் வரவில்லை.

மார்ச் 29
முப்பத்தொன்றாம் நாள் விசேஷம். கவின் என்று பெயர் வைத்தோம். தொட்டில் கட்ட அண்ணி புதுப் பருத்திச் சேலை கொண்டுவந்தார். நான் கேட்பேனா? என் கூறைப் புடவைதான் வேண்டும் என்று, நாலு வருடமாகத் திறக்காத பெட்டியைத் திறந்தேன். கல்யாண வாசனை கம்மென்று மூக்கில் ஏறியது. அண்ணி ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பையன் ராத்திரி முழுக்க அதிலேயே தூங்கினான்.

மார்ச் 31
சிறுநீர் தே-ஓ நிறத்தில், பால் விடாத தேநீர் மாதிரி போகிறது. கண் மஞ்சள். ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "பாச்சை உருண்டை பட்டுச்சா?" என்று கேட்டார்கள். இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். பக்கத்திலிருந்த அண்ணிதான் மெதுவாகச் சொன்னார்:

"தொட்டில்ல அந்த வாசன வந்துச்சும்மா. சொன்னா கத்துவியோன்னு பயந்துட்டேன்."

பெட்டியில் ஓர் உருண்டைகூட இல்லையே! எல்லாம் எப்போதோ கரைந்து புடவையில் ஏறியிருக்கிறது. கல்யாண வாசனையாம். என் புத்தியைச் செருப்பால் அடிக்க. ஊர் வாயையெல்லாம் அடைத்தேன், புள்ளைக்கு வெனையா வந்தது நான்தான்.

ஏப்ரல் 1
ரத்தம் ஏற்றுகிறார்கள். எழுத முடியவில்லை. கடவுளே.

ஏப்ரல் 3
பால் குடித்தான். இரண்டு பக்கமும்.

ஏப்ரல் 9
வீடு வந்து மூன்று நாளாகிறது. அண்ணி வந்ததும் நேரே என் அலமாரியைத் திறந்து தட்டுத் தட்டாக முகர்ந்தார். இரண்டு பைகளை வெளியே வீசினார். கைகட்டி நின்றேன். பிறகு கவினைத் தூக்கினார். அவன் அவருடைய புதுப் பட்டில் தாராளமாகப் பெய்துவிட்டான்.

"இங்க பாரு, தண்ணி மாதிரி தெளிவா போயிருக்கான்!" என்று கத்தினார் அண்ணி. சிரித்துக்கொண்டே அழுதோம். சேலையைத் துடைக்க இருவருக்கும் தோன்றவில்லை.