ஃப்ளஷ் டேங்குக்குள் நான் போட்ட பாட்டில்

மாமா,

சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். ஹாட்பாக்ஸில் இடியாப்பம் இருக்கிறது.

மொட்டைமாடி டேங்க் அடிக்கடி காலியானதற்கு நீங்கள் காரணமில்லை. தண்ணீரை மிச்சம் பிடிக்க நான்தான் மணல் நிரப்பிய பாட்டில் ஒன்றை ஃப்ளஷ் டேங்குக்குள் போட்டிருந்தேன். இன்று மூடியைத் திறந்து பார்த்தால், அது சாய்ந்து, அடியில் இருக்கும் ரப்பரின் சங்கிலியில் மாட்டியிருந்தது. ரப்பர் சரியாக உட்காராமல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அது தெரியாமல், "ஒரு பட்டனைக்கூட ஒழுங்கா அமுத்தத் தெரியாதா?" என்று போன வாரம் பிள்ளைகள் முன்னால் உங்களைக் கேட்டுவிட்டேன்.

பாட்டிலை எடுத்துவிட்டேன். ரப்பரில் படிந்திருந்த உப்பையும் தேய்த்துக் கழுவினேன். தாராளமாக அமுக்குங்கள். மறுபடி ஒழுகினால் ஃப்ளஷ் டேங்குக்குத் தண்ணீர் வரும் சுவரோரக் குழாயை மூடிவிடுங்கள், நான் வந்து பார்க்கிறேன்.

ரெஜினா

பி.கு.: ஒரு வாரமாக நீங்கள் தினமும் மாதா கோயில் விடியற்காலைப் பூசைக்குப் போவதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று உபதேசியார், "வீட்ல பாத்ரூம் வேலை நடக்குதாம்மா? ஒங்க மாமனார் தெனம் கோயில் பாத்ரூமுக்கு வர்றாரே" என்றார். முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. நாளைக்குப் போனால், பூசைக்காக மட்டும் போங்கள் மாமா.