கம்பி தானாக இறங்கிய நிலம்

அன்பு மகள் மிஹோவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே தெற்குத் தீவில், நாஹா வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி கோஹாருவும் வாடாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நீகாட்டாவில் பனி உருகிவிட்டது, கொட்டகை நிழலில் மட்டும் அழுக்காய் ஒரு குவியல் கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஆனால் பாரம் தூக்காதே என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. நேற்று ஊறுகாய்ப் பீப்பாயின் மேல் அழுத்தி வைக்கும் கல்லைத் தானே தூக்கினாள். கேட்டால், "நீங்க தூக்கினா கால்ல போட்டுக்குவீங்க" என்கிறாள்.

அவசர அஞ்சலில் கடிதம் வந்திருக்கிறதே என்று பயந்துவிடாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை போனில் மண் சோதனை என்னாயிற்று என்று கேட்டாய் அல்லவா, எல்லாம் நல்லபடியாக முடிந்தது, மாதக் கடைசியில் தைரியமாக ராஜினாமா கொடு என்றேன். அது பொய். மறுபடி போன் செய்தால் உன் குரலைக் கேட்டதும் அதே பொய்யைத்தான் சொல்வேன், என்னை எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டை ஒட்டிய வயலில் மலை மண் கொட்டி மேடாக்கியது நீ நாஹாவுக்குப் போன வருடம். என்றைக்காவது திரும்பி வருவாய், வந்தால் வீடு கட்ட இடம் வேண்டுமே என்று செய்தேன், உன்னிடம் சொல்லவில்லை. இந்த ஜனவரியில் நீங்கள் அங்கே வேலையை விட்டுவிட்டு இங்கேயே குடிவருகிறோம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடு கட்டித்தரப் போகிற தச்சர் ஹொன்மா, "மொதல்ல மண்ணப் பாத்துடுவோம், பூஜைய அப்புறம் வச்சுக்கலாம்" என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டார். நான் கேட்டால்தானே. காலண்டரில் நல்ல நாள் பார்த்தேன், பூசாரிக்கும் அன்று ஓய்வு, விட்டால் அடுத்து எப்போது சேர்ந்து வருமோ என்று அவசரப்பட்டேன். நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, வைக்கோல் கயிறு கட்டி, குவித்த மணலை மூன்று தடவை கொத்தி, சாக்கே என்ற அரிசி மது ஊற்றி நிலத்துச் சாமியிடம் அனுமதி வாங்கியாயிற்று. அம்மா அன்றைக்கே, "சாமிகிட்ட கேட்டாச்சு, மண்ணுகிட்ட யாரு கேப்பா?" என்று குத்தினாள்.

நான்கு நாள் கழித்து மண் சோதனைக்குக் குவாபாரா என்று ஒரு பெண் வந்தாள், உன் வயதுதான் இருக்கும். முனையில் திருகு வைத்த இரும்புக் கம்பி, மேலே நூறு கிலோ எடை, அதைச் சுற்றிச் சுற்றி இறக்கும் இயந்திரம். நான் கொட்டிய மண்ணில் நன்றாகத் திணறித் திணறித்தான் இறங்கியது, பார்த்தாயா என்று அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அதற்குள் இயந்திரம் சுற்றுவதை நிறுத்திவிட்டது, கம்பி மட்டும் போய்க்கொண்டே இருந்தது. கெட்டுப்போச்சா என்று கேட்டேன். "இல்லைங்கய்யா, சுத்தவே வேண்டாம், எடைய வச்சாலே தானா எறங்குது" என்றாள். பத்து மீட்டரோடு கம்பிதான் தீர்ந்தது, கெட்டி மண் வரவில்லை. நான்கு மூலை, நடு, ஐந்து இடத்திலும் அதே கதை. துளையில் நாடா விட்டுப் பார்த்தால் தொண்ணூறு சென்டிமீட்டரில் தண்ணீர். பழைய வரைபடத்தை விரித்துக் காட்டினாள், ஒரு காலத்தில் ஆறு வளைந்து போன இடமாம். "அடியில தண்ணியில ஊறுன மணல், நிலநடுக்கம் வந்தா கஞ்சியாயிடும்" என்றாள். இன்னும் இரண்டு அடி தள்ளிப் பாரம்மா என்று கெஞ்சினேன், பாவம், ஆறாவதாகவும் ஒரு துளை போட்டாள். அதிலும் அப்படித்தான். அவளே கொண்டுவந்து ஊற்றிய தண்ணீர் போல என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

ஹொன்மாவிடம் ஓடினேன். "ஆழமா இரும்புத் தூண் அடிச்சு வீட்ட நிக்க வச்சுடலாம், சுத்தி இருக்குற மண்ணு என்ன பண்ணும்னு நான் சொல்ல முடியாது" என்றார். முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டு, சோதனை அறிக்கையைப் புத்தர் மாடத்து இழுப்பறையில் ஒளித்துவிட்டு, உன்னிடம் அப்படிப் பேசினேன். புதன்கிழமை அம்மா ஊதுவத்தி எடுக்கப் போய் அதைப் பார்த்துவிட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "எனக்கும் அவ வரணும்தாங்க. ஆனா கோஹாரு படுக்குற தரைக்குக் கீழ இப்படின்னு தெரிஞ்சப்புறம் நீங்க தூங்குவீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பத்து வயதில் இதே ஊரில் பெரிய நிலநடுக்கத்தைப் பார்த்தவன், மிஹோ, நான். பள்ளி மைதானம் பிளந்து, மணலும் தண்ணீரும் என் உயரத்துக்குப் பீறிட்டன. அதைக் கண்ணால் பார்த்தவனே, உன்மேல் உள்ள ஆசையில் பார்க்காதவன் மாதிரி நடந்துகொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

அதனால் அந்த இடத்தில் வீடு வேண்டாம். அம்மா அங்கே சோயா மொச்சை போடப்போகிறாளாம், அவளுக்குக் கொண்டாட்டம். இந்தப் பக்கம் வரத்தான் வேண்டுமென்றால் மேட்டு நிலமாகப் பாருங்கள், எங்களுக்கு ரயிலில் இரண்டு மணி நேரமானாலும் சரி. முதலில் மண், பிறகு தண்ணீர் மட்டம், அதற்கப்புறம்தான் பூசாரி. ஒன்பது வருடமாக அந்த மேட்டைப் பார்க்கும்போதெல்லாம் உன் சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்திருக்கிறேன். நீ பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை. ஆனால் நீ இருக்க வேண்டும், அதுதான் முதலில்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு, கோஹாருவுக்கு முத்தங்கள், நீங்கள் மூவரும் நோய்நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, ராஜினாமா எழுதி வைத்திருந்தால் இதைப் படித்ததும் கிழித்துவிடு. அப்பா வராதே என்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதே, என் வாழ்நாளில் இதைவிடக் கஷ்டமான கடிதம் நான் எழுதியதில்லை.

உன் அப்பா,
எய்சுகே